மீடியம் சைஸ் ஹெல்மெட்டும் பொன்னுரங்கத்தின் தலைவலியும்

ஒரு காட்டில், பெட்ரோல் பங்க் வந்து மூன்று வருஷம் ஆகியிருந்த காலத்தில், பொன்னுரங்கம் என்றொரு கரடி வாழ்ந்துவந்தது. அதற்கு ஒரு மனைவி, ஒரு குகை, ஒரு பைக். மூன்றின் மேலும் உயிரையே வைத்திருந்தது. எதன் மேல் பிரியம் அதிகம் என்று யாராவது கேட்டால், குகை என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளும்.

மனைவியின் பெயர் அம்சவேணி. அதன் பிறந்தகம் அடுத்த காட்டில், இரண்டு மலை தாண்டி நூற்றிருபது கிலோமீட்டர் தள்ளி இருந்தது. ஞாயிறுதோறும் விடிகாலையில் இரண்டும் பைக்கில் கிளம்பும். மாமனார் கரடியைப் பார்த்து, அது சொல்வதற்கெல்லாம் தலையாட்டிவிட்டு, மாலை நான்கு மணிக்குத் திரும்பிவரும். திரும்பியதும் பொன்னுரங்கத்துக்குத் தலைவலி ஆரம்பிக்கும். புருவத்துக்கு மேலே தொடங்கி, மண்டையை ஒரு சுற்றுச் சுற்றி, பிடரியில் போய் உட்கார்ந்துகொள்ளும். கரடி சுவரைப் பார்த்துப் படுத்துவிடும். அம்சவேணி பக்கத்தில் உட்கார்ந்து தைலம் தேய்க்கும். யாராவது வாசலுக்கு வந்தால், "அவருக்குத் தலைவலி, அப்புறமா வாங்க" என்று அனுப்பிவிடும். ஞாயிறு மாலைகளில் ஆலமரத்தடியில் காட்டுக்கூட்டம் நடக்கும். பொன்னுரங்கம் அந்தப் பக்கம் எட்டிப்பார்த்து ஒரு வருஷமாகிறது.

தலைவலிக்குக் காரணம் என்னவென்று பொன்னுரங்கத்துக்கு நன்றாகவே தெரியும். ஹெல்மெட் சின்னது. ஆனால் அதை வாய்விட்டுச் சொல்ல முடியாது. அதற்கொரு கதை உண்டு.

பெண் பார்க்கப் போன அன்று மாமனார் கரடி மாப்பிள்ளையை மேலும் கீழும் பார்த்துவிட்டு, சபை நடுவில், "எல்லாம் திருப்திதான், தலைதான் கொஞ்சம் பெரிசா இருக்கு" என்றது. அதுவரை உள்ளே பேச்சுமூச்சில்லாமல் இருந்த அம்சவேணி, "அதெல்லாம் அளவான தலைதான்" என்று எல்லோர் காதிலும் விழும்படி சொன்னது. கட்டினால் இவளைத்தான் கட்டுவது என்று பொன்னுரங்கம் அந்த நிமிஷமே முடிவுசெய்துவிட்டது. பிறகு சோதனைச்சாவடியில் ஹெல்மெட் கட்டாயம் என்று சட்டம் வந்தது. அப்பாவையும் கூட்டிக்கொண்டு சந்தைக்குப் போன அம்சவேணி, கடைக்காரக் கொக்கு சைஸ் கேட்டபோது, அப்பாவைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே, "மீடியம்" என்றது. சிவப்பு நிறம், பளபளப்பு, நல்ல தரம். மாட்டும்போது இரண்டு காதிலும் எண்ணெய் தடவிக்கொள்ள வேண்டும். கழற்றும்போது ஒரு வேரைப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

காரணம் தெரியாத காட்டுக்கு மருந்து தெரியாமல் இருக்குமா? ஆளுக்கொன்று சொன்னார்கள். வெயில் கண்ணில் அடிப்பதால்தான் வலி, கறுப்புக் கண்ணாடி போடு என்றது நரி அய்யாக்கண்ணு. தண்ணீர் குடிக்காமல் ஓட்டுவதுதான் காரணம் என்றது எருமை. பொன்னுரங்கம் குடம் குடமாகக் குடித்துவிட்டு வழிநெடுக ஒவ்வொரு புதருக்கும் போய்வந்தது. காலையில் காபியை விட்டுவிட்டுக் கிளம்பினால் மண்டை இடிக்கத்தான் செய்யும், மணிக்கொரு தரம் இறங்கிக் கழுத்தையும் அசைக்க வேண்டும் என்றது மந்தி. கீரியோ, காற்று இரைச்சல்தான் எதிரி, காதில் பஞ்சு வை என்றது. பஞ்சு வைத்துக்கொண்டு போன அன்று, பின்னால் உட்கார்ந்திருந்த அம்சவேணி கேட்டதற்கெல்லாம் பொன்னுரங்கம் சரி, சரி என்று சொல்லிக்கொண்டே ஓட்டியது. மழைக்காலம் முழுக்க மாமனார் தங்களோடு வந்து இருக்கப்போகிறார் என்பது வீடு வந்து சேர்ந்த பிறகுதான் தெரிந்தது.

சொன்னதெல்லாம் நல்ல யோசனைதான். ஆனாலும் ஹெல்மெட் ஹெல்மெட்டாகவே இருந்தது. கடைசியில் அம்சவேணி முடிவாகச் சொல்லிவிட்டது. டாக்டரிடம் போய்க் காரணத்தை எழுத்தில் வாங்கி வர வேண்டும். பைக்தான் காரணம் என்றால் பைக்கை விற்றுவிட வேண்டும். பொன்னுரங்கத்துக்கு ஒரு பக்கம் பைக், இன்னொரு பக்கம் அளவான தலை என்று அம்சவேணி சபையில் சொன்ன வாக்கு. எதை விட்டாலும் தாங்காது.

காட்டில் தலைவலிக்கு ஒரே டாக்டர் மரங்கொத்தி சிகாமணி. படித்த பறவை என்பதால் அவரை மட்டும் நாம் 'அவர்' என்றே சொல்லுவோம். காலையிலிருந்து சாயந்தரம் வரை மரத்தில் மண்டையை மோதுகிறவர், ஒரு நாளும் தலைவலி என்று படுத்ததில்லை. அதனால் அவருக்குத் தெரியாத வைத்தியம் இருக்காது என்று காடே நம்பியது. உண்மையில் தலைவலி என்றால் எப்படி இருக்கும் என்று அவருக்குத்தான் தெரியாது. வருகிற ஒவ்வொரு நோயாளியிடமும் ஆசையாகக் கேட்டுக் குறித்துக்கொள்வார்.

டோக்கன் வாங்கி, வரிசையில் நின்று, படிவம் நிரப்பியது கரடி. 'வால் உண்டா?' என்ற கேள்விக்கு, 'உண்டு, ஆனால் சொல்லிக்கொள்ளும்படி இல்லை' என்று எழுதியது. உள்ளே போனதும் சிகாமணி ஹெல்மெட்டின் மேல் இரண்டு கொத்து, நெற்றித் தழும்பின் மேல் ஒரு கொத்து, அவ்வளவுதான் பார்த்தார்.

"ஹெல்மெட் ஒரு சைஸ் சின்னதுய்யா."

"தெரியும் டாக்டர். அதை மட்டும் எழுதிடாதீங்க."

"ரத்த ஓட்டமே நின்னு போயிருக்கே."

"அது ரெண்டு நாள்ல சரியாயிடும். எங்க மாமனார் சொன்னது சரின்னு ஆயிட்டா, அது எந்தக் காலத்திலயும் சரியாகாது."

சிகாமணிக்கும் ஒரு மாமனார் இருந்தார். பேனாவை எடுத்தார். பிறகு சீட்டில் இப்படி எழுதினார்: 'நெடுந்தூரம் பைக் ஓட்டும்போது நோயாளிக்கு அறிவு விருத்தியாகிறது. அதனால் மண்டை விரிகிறது. லார்ஜ் ஹெல்மெட் அணியவும்.'

அம்சவேணி அந்தச் சீட்டை மூன்று முறை படித்தது. அறிவுதானே, எனக்குத் தெரியாதா என்றது. காட்டில் கண்டவர்களிடமெல்லாம் காட்டிவிட்டு, அடுத்த ஞாயிறே அதை அப்பாவிடமும் காட்டியது. மாமனார் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தது, பின்பக்கம் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. அன்றைக்குப் பொன்னுரங்கம் லார்ஜ் ஹெல்மெட் போட்டுக்கொண்டு, நடுவில் தண்ணீரும் காபியும் குடித்து, கழுத்தை அசைத்து, நூற்றிருபது கிலோமீட்டரும் பாட்டுப் பாடிக்கொண்டே ஓட்டி வந்தது. வீட்டுக்கு வந்து உட்கார்ந்தது. தலை வலிக்கவில்லை. இப்படியும் ஒரு மாலை இருக்குமா என்று அதற்கு அழுகையே வந்துவிட்டது.

அப்போது வாசலில் நரி வந்து நின்றது. கூட்டத்துக்கு வரவேண்டுமாம். தலைவலி இல்லையே, போகாமல் எப்படி இருப்பது?

அந்த வாரம்தான் வன அலுவலகத்திலிருந்து புது உத்தரவு வந்திருந்தது. பொந்து, புதர், குகை எதில் இருந்தாலும் குடியிருப்புச் சான்றுக்கு மூன்று பிரதிகளில் விண்ணப்பிக்க வேண்டும். யார் நிரப்பித் தருவது என்று காடு விழித்துக்கொண்டிருந்தது. டாக்டர் கைப்பட அறிவு விருத்தி என்று எழுதிக் கொடுத்த ஆள் ஒன்றே ஒன்றுதான்.

திங்கட்கிழமை காலையில் குகை வாசலில் வரிசை நின்றது. முதல் ஆள் முள்ளம்பன்றி. அதன் பின்னால் யாரும் நெருங்கி நிற்காததால் வரிசை ஆற்றங்கரை வரை நீண்டது. ஆமை, நிரந்தர முகவரி என்ற இடத்தில் 'என் மேல்' என்று எழுதலாமா என்று கேட்டது. குயில், பிறந்த வீட்டு உரிமையாளர் பெயரைப் போட்டே ஆகவேண்டுமா என்று ரகசியமாகக் கேட்டது. மழை தொடங்கியதும் மாமனாரும் பெட்டியோடு வந்து இறங்கியது. மாப்பிள்ளைக்கு அறிவு வந்துவிட்டதாமே, என் விண்ணப்பத்தையும் பார்க்கச் சொல் என்று மகளிடம் சொல்லிவிட்டு வரிசையில் நின்றது.

பத்து நாளில் பொன்னுரங்கம் பாதியாக இளைத்துவிட்டது. பைக்கைத் தொட நேரமில்லை. இப்போது பைக் ஓட்டாமலே தலை வலித்தது. சொன்னால் அம்சவேணி நம்பவில்லை. பைக்கே எடுக்கவில்லை, அப்புறம் தலைவலி எங்கிருந்து வரும் என்று கேட்டது. டாக்டர் சீட்டில் அப்படித்தானே இருக்கிறது.

அடுத்த ஞாயிறு விடிவதற்குள் பொன்னுரங்கம் எழுந்தது. மூலையில் கிடந்த சிவப்பு ஹெல்மெட்டைத் துடைத்தது, காதில் எண்ணெய் தடவிக்கொண்டது, மூச்சைப் பிடித்து மாட்டியது. தண்ணீர் குடிக்கவில்லை, காபி குடிக்கவில்லை, கறுப்புக் கண்ணாடியைக் கையால்கூடத் தொடவில்லை. இரண்டு மலையையும் ஏறி இறங்கித் திரும்பி வந்தபோது, புருவத்திலிருந்து பிடரி வரை முதல் தரமான தலைவலி ஒன்று சம்பாதித்திருந்தது.

அம்சவேணி பாறையில் காலை ஊன்றி ஹெல்மெட்டை இழுத்துக் கழற்றியது. நெற்றியைச் சுற்றியிருந்த தழும்பைக் கொஞ்ச நேரம் பார்த்தது. பிறகு தைலத்தை எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தது.

"தலை பெரிசுன்னு எனக்கு அன்னிக்கே தெரியுங்க. அதுக்காக எங்கப்பா முன்னாடி உங்களை விட்டுக்கொடுக்க முடியுமா?"

பொன்னுரங்கத்துக்குக் கண் கலங்கிவிட்டது. தைலக் காரம் என்று சொல்லிக்கொண்டது. நாளையிலிருந்து லார்ஜே போட்டுக்கொள்ளுங்கள், அப்பாவிடம் நானே சொல்லிக்கொள்கிறேன் என்றது அம்சவேணி. வேண்டாம், இதுவே இருக்கட்டும் என்று முனகியது கரடி. அம்சவேணி வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தது. வரிசை ஆற்றங்கரையையும் தாண்டிப் போயிருந்தது. கணவனைப் பார்த்தது. பிறகு தைலக் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே போனது.

"அவருக்குத் தலைவலி. மண்டை பழைய சைஸுக்கு வந்திருச்சு, இனிமே ஒண்ணும் எழுத வராது."

முள்ளம்பன்றி பெருமூச்சு விட்டுத் திரும்பியது. ஆமை மெதுவாகப் புரிந்துகொண்டு மெதுவாகப் போனது. மாமனார் கரடி, இது எனக்கு முன்பே தெரியும் என்கிற முகத்தோடு, யார் காலிலும் விழாமல் தன் விண்ணப்பத்தைத் தானே நிரப்பக் கிளம்பியது. குகைக்குள் பொன்னுரங்கம் சுவரைப் பார்த்துப் படுத்து, வலியோடு நிம்மதியாகத் தூங்கியது. சிவப்பு ஹெல்மெட், வருகிறவர் கண்ணில் முதலில் படும்படி, வாசலிலேயே தொங்கியது.

நீதி: தலைவலிக்கு மருந்து தேடும் முன், அந்தத் தலைவலி இதுவரை உங்களை யார் யாரிடமிருந்து காப்பாற்றியிருக்கிறது என்று எண்ணிப் பார்க்கவும். எண்ணிக்கை பத்தைத் தாண்டினால், மீடியம் சைஸே போதும்.