மயிலாளின் ஸ்டூலும் இருநூற்றுப் பன்னிரண்டு ரோபோக்களும்

வேற்றுக் கிரகத்தில் மனிதனைக் குடியேற்றப் போவதாக வல்லரசுகள் இன்னும் பேசிக்கொண்டுதான் இருக்கின்றன. திருப்பூர் நல்லூரில் எங்கள் வீட்டுக்கு எதிரே பனியன் கம்பெனி நடத்தும் குணா குடியேறியே விட்டார். ராக்கெட் இல்லை, விசா இல்லை. பத்துக்குப் பத்தில் ஓர் ஏசி அறை, ஒரு கம்ப்யூட்டர், கொஞ்சம் பிடிவாதம். அவ்வளவுதான்.

அடுத்தவர் விவகாரத்தில் மூக்கை நுழைக்கும் பழக்கம் எனக்குக் கிடையாது. ஓய்வு பெற்ற ஆள். காலையில் பேப்பர் படிக்க அவருடைய ஆபீசுக்குப் போவேன். பேப்பர் பத்து நிமிடத்தில் தீர்ந்துவிடும். மிச்ச நேரம் எதையாவது பார்த்தாக வேண்டுமல்லவா? அப்படிப் பார்த்ததுதான் அந்தக் கிரகம்.

அது ஒரு வீடியோ கேம். செக்கச் செவேலென்ற மண், மூச்சுவிடக் காற்றில்லை, மணிக்கொரு புழுதிப்புயல். ஒரு மண்வெட்டியும் ஆக்சிஜன் சிலிண்டரும் கொடுத்து இறக்கி விட்டுவிடுவார்கள். தோண்டி, உருக்கி, இயந்திரம் செய்து, அந்த இயந்திரத்தை வைத்து இன்னொரு இயந்திரம் செய்து, கடைசியில் மனிதக் கை படாமல் தானே ஓடும் ஒரு தளத்தைக் கட்ட வேண்டும். குணா எட்டே மாதத்தில், இருநூற்றுப் பன்னிரண்டு ரோபோக்களோடு, கட்டி முடித்தார். அந்த எட்டு மாதமும் கம்பெனியில் நாற்பத்தாறு பேர், ஓடாத எக்ஸாஸ்ட் ஃபேனுக்குக் கீழே, தைத்துப் பிசிறு வெட்டி மடித்துப் பெட்டியில் போட்டுக்கொண்டிருந்தார்கள். சாதனை நடக்கும் இடத்தில் இதெல்லாம் பேசக் கூடாது.

ஆரம்பத்தில் குணா ஒரு பிழை செய்தார். திருப்பூர்க்காரர் மட்டுமே செய்யக்கூடிய பிழை. ஷிப்மென்ட் நெருக்கடி மாதிரியே நினைத்துக்கொண்டு ரோபோக்களை விடாமல் ஓட்டினார். சார்ஜ் ஏற்றும் ஸ்டாண்டு ஒன்றுகூட வைக்கவில்லை. ஒரு மதியம் எல்லாம் சேர்ந்தாற்போல் மல்லாந்தன. காற்று ஆலை நின்றது. குணா மூச்சுத் திணறி இறந்தார். இப்படி மூன்று முறை இறந்தார். நாலாவது பிறவியில் ஞானம் பிறந்தது. மணிக்குப் பன்னிரண்டு நிமிடம் ஒவ்வொரு ரோபோவும் ஸ்டாண்டில் உட்கார்ந்து சார்ஜ் ஏற்றிக்கொள்ளும்படி செய்தார். உற்பத்தி இரண்டு மடங்கானது.

“ரெஸ்ட் குடுத்தா ப்ரொடக்‌ஷன் ஏறுதுங்கண்ணா. எத்தன பெரிய விசயம் பாருங்க” என்று என்னிடம் சொன்னபோது அவர் கண் கலங்கியிருந்தது.

அந்த ஈரம் காய்வதற்குள் மயிலாள் உள்ளே வந்தார். குண்டடத்திலிருந்து கம்பெனி வேனில் வருகிறவர். பத்து மணி நேரம் செக்கிங் டேபிள் முன்னால் நின்றபடி, ஒவ்வொரு பனியனிலும் ஓட்டையும் கறையும் இருக்கிறதா என்று பார்ப்பது அவர் வேலை. முழங்கால் இரண்டும் பூசணிக்காய் மாதிரி வீங்கிவிட்டன. நிற்கவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். நின்றால் கால் போய்விடும், நிற்காவிட்டால் வேலை போய்விடும். அவர் கேட்டது ஒரு ஸ்டூல். மனுவை நான்தான் எழுதிக் கொடுத்திருந்தேன்.

“ஏனுங்க மொதலாளி, ஒரு ஸ்டூலு போட்டீங்கன்னா உக்காந்துட்டே பாத்துருவனுங்க.”

குணா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை, மரியாதையையும் விடவில்லை. “உக்காந்தா தூக்கம் வந்துருமுங்கக்கா.”

மயிலாள் திரையைக் காட்டினார். “அதுகளெல்லாம் உக்காந்திருக்குதுங்ளே?”

“அதுகளுக்கு பேட்டரி இருக்குதுங்க. உங்களுக்கு ஏதுங்க பேட்டரி?”

மனு உடனடியாகப் ‘பரிசீலனை’க்கு எடுத்துக்கொள்ளப்பட்டது. அதாவது, ஆடிக்கொண்டிருந்த கீபோர்டுக்கு அடியில் மடித்து வைக்கப்பட்டது.

அந்த வாரமே ஆடிட் வந்தது. சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையருக்காகத் தொழிலாளர் நலனைச் சோதிக்கும் டேனியல் என்ற அதிகாரி, சென்னையில் இருந்தபடியே வீடியோவில் பார்ப்பதாக ஏற்பாடு. தொழிலாளர் பிரதிநிதி ஒருவர் வேண்டுமாம். தைக்கிறவர்களை எழுப்பினால் லைன் நின்றுவிடும் என்று சூப்பர்வைசர் ஷாபாஸ் கவலைப்பட்டார். பேப்பர் படித்துக்கொண்டிருந்த என் சட்டை அன்று இஸ்திரி போட்டதாக இருந்தது. தொழிற்சங்க வரலாற்றில் இத்தனை சுமுகமான தேர்தல் நடந்திருக்காது.

கம்பெனிப் படங்களைத் திரையில் காட்ட வேண்டிய குணா, பதற்றத்தில் கேமைத் திறந்து காட்டிவிட்டார். ஷாபாஸ் தலையில் கை வைத்துக்கொண்டார். குணா மூடப் போனார். அதற்குள் டேனியல் சொல்லிவிட்டார்:

“அற்புதம் சார். எல்லாருமே ஹெல்மெட், மாஸ்க். ஒருத்தர் முகம்கூடத் தெரியலை. பாதுகாப்புன்னா இதுதான்.”

குணா மௌஸிலிருந்து கையை எடுத்தார்.

“ஆனா எல்லாம் சிவப்பா இருக்கே?”

“நம்மூரு வெயிலுங்க சார்.”

“ஜன்னல்ல ரெண்டு நிலா தெரியுது.”

“ஃபோகஸ் லைட்டுங்க சார்” என்றார் ஷாபாஸ்.

திரையின் மூலையில் ஓடிய எண்களை டேனியல் பக்தியோடு குறித்துக்கொண்டார். காற்றின் தூய்மை தொண்ணூற்றெட்டு சதவீதம், விபத்து பூஜ்யம், ஓய்வு மணிக்குப் பன்னிரண்டு நிமிடம். நாற்பத்தாறு பேர் கம்பெனியில் இருநூற்றுப் பன்னிரண்டு என்ற தலை எண்ணிக்கை மட்டும் இடித்தது. எல்லா ஷிஃப்டையும் சேர்த்தது என்றதும் அதுவும் சரியாகிவிட்டது. கடைசியாகப் பிரதிநிதியிடம் வந்தார். உட்கார இருக்கை தருகிறார்களா என்று கேட்டார்.

நான் குணாவின் சுழல் நாற்காலியில் இருந்தேன். பொய் சொல்லிப் பழக்கமில்லாதவன். “தர்றாங்க சார். நல்லா சுத்துதுங்க” என்றேன். கையெழுத்தும் போட்டேன்.

பதினைந்தே நாளில் முதல்தரச் சான்றிதழ் வந்தது. ஏழாவது வரியில், ‘இந்நிறுவனத்தில் நின்றபடி பணிபுரிவோர் எவரும் இல்லை’ என்றிருந்தது. கண்ணாடிச் சட்டம் போட்டு, எல்லோரும் பார்க்கும்படி செக்கிங் டேபிளுக்கு நேர் மேலே மாட்டினார்கள். ஆளுக்கொரு மைசூர்பாகு. மயிலாள் அதை வாங்கிக்கொண்டு, ஸ்டூல் என்னாயிற்று என்று மெதுவாகக் கேட்டார்.

“சான்றிதழ்ப்படி நீங்க உக்காந்துட்டுத்தான் இருக்கறீங்கக்கா” என்றார் குணா.

கம்பெனியை நேரில் வந்து படம் எடுத்து மற்றவர்களுக்கு முன்மாதிரியாகக் காட்டப்போவதாக டேனியல் தகவல் அனுப்பினார். குணா அன்றைக்கே நடவடிக்கை எடுத்தார். ஸ்டூல் வாங்கினார் என்று நினைத்தால் உங்களுக்கு நிர்வாகம் தெரியாது. மயிலாளுக்கு மெமோ கொடுத்தார். ‘முதல்தரச் சான்றிதழ் பெற்ற நிறுவனத்தில் தொடர்ந்து நின்றபடி பணிபுரிந்து, நிறுவனத்தின் நற்பெயருக்குக் களங்கம் விளைவித்த தங்களை ஏன் வேலையிலிருந்து நீக்கக் கூடாது? மூன்று நாளில் எழுத்துமூலம் விளக்கம் தரவும்.’

விளக்கம் எழுதித் தரச் சொல்லி மயிலாள் மெமோவோடு என் வீட்டு வாசலுக்கு வந்தார். குணா எவ்வளவு பெரிய சாதனையாளர், அவர் மனம் நோகாமல் எப்படி எழுத வேண்டும் என்று நான் பக்குவமாக எடுத்துச் சொன்னேன். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, பேனாவைத் திறந்தேன். மயிலாள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“ஏன் நின்னீங்கன்னுதான் கேட்டிருக்காங்க. என்ன காரணம் போடலாம்?”

மயிலாள் என் நாற்காலியைப் பார்த்தார்.

“என்ற எடத்துல நீங்க உக்காந்துட்டீங்க, அதனால நான் நின்னனுங்க. அப்படியே எழுதுங்கண்ணா.”