கவ்வாத்து டொக்டரம்மாவை வாசலில் நிறுத்திய கதை

கவ்வாத்து டொக்டரம்மாவைப் போல இன்னொருவர் இந்த மலைநாட்டில் பிறந்ததில்லை; பிறந்தாலும் நாடு தாங்காது. குழந்தைகளின் எலும்பு மஜ்ஜையைப் பற்றி வெளிநாட்டு மேடைகளில் எல்லாம் பேசிவிட்டு வந்த மனுஷி, தலவாக்கலையில் பஸ் ஏறி ஐஸ் பெட்டியை மடியில் வைத்து அதோடும் பேசிக்கொண்டு வருவார். "கொஞ்சம் பொறுத்துக்கங்கடா செல்லங்களா, இந்தா ஹட்டன் வந்துருச்சி."

கண்டக்டர் ஒருநாள், "என்ன மீனுங்க டீச்சர்?" என்று கேட்டுவிட்டார். "மீனு இல்ல, பிள்ளைங்க ரத்தம்" என்றார் இவர். பரிசோதனைக்கு எடுத்துப்போகிற ரத்தம் என்று விளக்குவதற்குள் மனுஷன் முன்வாசலுக்குப் போய்விட்டார். அன்றைக்கு எங்கள் வரிசையில் யாருக்கும் டிக்கெட் இல்லை.

என் தங்கை மகன் கிஷோருக்கு உடம்பில் நல்ல ரத்தம் ஊறாத வியாதி. மாதா மாதம் யாருடைய ரத்தத்தையாவது ஏற்றித்தான் பிள்ளை நடமாடினான். அவன் அக்கா நிரோஷாவின் மஜ்ஜையிலிருந்து ஸ்டெம் செல் எடுத்து இவனுக்குக் கொடுத்தால் குணமாகும் என்றார் டொக்டரம்மா. அதைச் சொல்ல எங்கள் தேயிலைத் தோட்டம் இருக்கிற அக்கரப்பத்தனைக்கே வந்து எங்கள் லயத்து ஆட்களை எல்லாம் கூட்டிவிட்டார்.

"கவ்வாத்து வெட்டுனா தேயில எப்படி இருக்கும்?"

"செத்த மாதிரி நிக்குங்க."

"செத்துருமா?"

"சேச்சே! கொழுந்து வரும்ல."

"அதேதான். மருந்து குடுத்து இவன் எலும்புக்குள்ள இருக்க பழசையெல்லாம் வெட்டிருவேன். தலமுடியும் கொட்டிரும். அப்புறம் அக்காகிட்ட இருந்து நாத்து எடுத்து நடுவேன். கொழுந்து வர்ற வரைக்கும் ஒரு இருமல் பட்டாக்கூட புள்ள தாங்க மாட்டான்."

அன்றிலிருந்து அவருக்குக் கவ்வாத்து டொக்டரம்மா என்று பெயர். என் மச்சான், அதாவது கிஷோரின் அப்பா, "அப்ப நீங்க என்னாங்க ஆராய்ச்சி பண்றீங்க?" என்று கேட்டார்.

"புதுசா உள்ள போற செல்லு புது கங்காணி மாதிரிங்க. ஏற்கனவே இருக்கவங்கள வெரட்டப் பாக்கும். அது அடாவடி பண்ணாம எப்படி வேல வாங்குறதுன்னுதான் ஆராய்ச்சி."

மச்சான் உதட்டைப் பிதுக்கினார். "அது நடக்காதுங்க. நாங்க எத்தன கங்காணிய பாத்துட்டோம்!"

டொக்டரம்மா சிரித்த சிரிப்பில் அடுத்த லயத்து நாய்கள் குரைத்தன.

நடந்தது. கொழும்பில் அக்காவின் நாற்று தம்பிக்குள் வேர் பிடித்தது. "ஒடம்புல ஓடுறது என் ரத்தம்டா, சொன்னத கேளு" என்று நிரோஷா அப்போதே அதிகாரத்தைத் தொடங்கிவிட்டாள்.

சிக்கல் வீடு திரும்பும்போதுதான் வந்தது. லயம் என்றால் ஒரே கூரை, ஒட்டி ஒட்டி அறை அறையாகக் காம்பராக்கள், ஒருவர் தும்மினால் ஒன்பது வீட்டுக்குக் கேட்கும். லயத்துக்கு அனுப்பினால் பிள்ளை பிழைக்காது என்றார்கள் பெரிய டொக்டர்மார். நம்ம ஆள் மேசையைத் தட்டினாராம். "அம்மை போட்ட வீட்ட எங்க சனங்க எப்படிப் பாத்துக்குவாங்கன்னு ஒங்களுக்குத் தெரியாது. நான் பொறுப்பு!"

எங்களிடமும் அதையே சொன்னார். "அம்மை போட்ட வீடு மாதிரி வச்சிக்கங்க. ஆனா வேப்பிலை, பூவு, மண்ணு எதுவும் உள்ள போகக்கூடாது. வெளியாளும் போகக்கூடாது. யாரா இருந்தாலும்!"

அப்படிச் சொன்னால் எங்கள் ஆட்களுக்குப் போதாதா? லயத்தில் தாளிப்பு நின்றது. கேட்காமலே நிறுத்தினார்கள். பக்கத்துக் காம்பரா ராக்கம்மா அக்கா கடுகு டப்பாவையே பரண்மேல் ஏற்றிவிட்டார். அவித்ததைத் தின்று தின்று மச்சானுக்கு முகமே அவித்த உருளைக்கிழங்கு மாதிரி ஆனது. பிள்ளைக்குத் தலை சீவக்கூடாது என்று வேறு உத்தரவு. சீவுவதற்கு அவனுக்கு முடி எங்கே இருந்தது?

ஒரு மழை நாளில், சொல்லாமல் கொள்ளாமல், டொக்டரம்மா சோதித்துப் பார்க்க வந்து இறங்கினார். லயத்து வாசலில் ஒரு தும்மல் போட்டார். அவ்வளவுதான். ராக்கம்மா அக்கா விளக்குமாறோடு குறுக்கே வந்து நின்றார்.

"எங்க போறீங்க?"

"அக்கா, நான்தான்!"

"தெரியுது. தூரத்துல இருந்து வர்றவங்க அம்மை வீட்டுக்குள்ள போகக்கூடாது."

"ஐயோ, நான் அவனோட டொக்டருக்கா!"

"டொக்டராவே இருந்துக்கங்க. மூக்கு ஒழுகுதே? யாரா இருந்தாலும்னு சொன்னது நீங்கதானே?"

டொக்டரம்மா படியிலேயே உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "கொழும்புல கேட்டாங்களே, லயத்துல புள்ளைய யாரு காப்பாத்துவான்னு! இந்தா நிக்கிறாங்கல்ல வெளக்குமாத்தோட!" ராக்கம்மா அக்கா அசையவில்லை. ரொட்டியும் தேத்தண்ணியும் படிக்கே வந்தன.

அப்போது மூடியிருந்த கண்ணாடி ஜன்னலுக்குப் பின்னால் கிஷோர் வந்து நின்றான். தொப்பியைக் கழற்றினான். தலை நிறையப் பூனைமயிர் மாதிரி முடி. "கவ்வாத்து டொக்டரம்மா! கொழுந்து வந்துருச்சி!" என்று கத்தினான். டொக்டரம்மா மழையில் போய் நின்று அவனையே பார்த்தார். இந்த முறை சிரிக்கவில்லை. அழுதார். நாங்களும் அழுதோம்.

கிஷோர் இப்போது பள்ளிக்கூடம் போகிறான், அக்காவோடு சண்டை போடுகிறான், ரத்தம் ஏற்றுவதில்லை. அவனைத் தொற்று அண்டாமல் எப்படிக் காப்பாற்றினீர்கள் என்று வெளிநாட்டில் கேட்டால், "என்னையே உள்ள விடலைங்க" என்று டொக்டரம்மா பெருமையடிக்கிறாராம்.

அவர் வருகிறார் என்று தெரிந்தால் இப்போதெல்லாம் லயம் முழுக்கக் கடுகு தாளிக்கிற வாசம். அந்த வாசத்துக்கு என் கண் கலங்கிவிடும். யாராவது கேட்டால் வெங்காயத்தின் மேல் பழியைப் போட்டுவிடுவேன்.