நாற்பத்திரண்டு நாள் விருந்தாளிகள்

எங்கள் குடியிருப்பு விதிகளின் பதினேழாம் பக்கப்படி, அறுபது லிட்டருக்கு மேல் தண்ணீர் கொள்ளும் மீன்தொட்டிக்கு நிர்வாக அலுவலகத்தின் அனுமதி வேண்டும். நியாயம்தான். எனக்கு விதிகள் மேல் வருத்தமே கிடையாது. பயம் மட்டும்தான்.

மேல்மாடியில் குடியிருந்த பெரியவர் கோட்லோப், முதியோர் இல்லத்துக்குப் போவதாக இருந்தார். அங்கே மீன் வளர்க்க விடமாட்டார்கள். அடுத்த மாதக் கடைசிக்குள் தன்னுடைய எட்டு வரிமீன்களுக்கு இடம் கிடைக்காவிட்டால் என்ன செய்வது என்று படிக்கட்டில் நின்று கண் கலங்கினார். மனசு கேட்கவில்லை. நூற்றுப் பன்னிரண்டு லிட்டர் தொட்டி ஒன்றை வாங்கிவிட்டு அனுமதிக்கு எழுதிப் போட்டேன்.

மணல், செடி, வடிகட்டி எல்லாம் வைத்தாயிற்று. ஆனால் புதுத் தொட்டியில் உடனே மீனை விடக் கூடாது. மீன் கழிவைத் தின்னும் நுண்ணுயிர்கள் பெருக ஐந்து வாரமாவது ஆகும். அதுவரை வெறும் தண்ணீருக்குத் தினமும் துளி இரை போட வேண்டும். போட்டேன். என் வீட்டுக்காரர் ஓய்கன் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

நாலாவது வாரம் அலுவலர் போஸ்லர் ஆய்வுக்கு வந்தார். விளக்கு எரிகிறது, தண்ணீர் ஓடுகிறது, உள்ளே ஒருவரும் இல்லை.

"இருப்பிடத்தைக் காலியா வெச்சிருக்கிறது விதிமீறல்மா."

"காலி இல்லீங்க சார். நுண்ணுயிருங்க குடியிருக்கு."

"எத்தனை பேரு?"

"கோடிக்கணக்குல இருக்கும்."

போஸ்லர் தொட்டியைப் பரிவோடு பார்த்தார். "ஏற்கெனவே இவ்வளவு நெரிசல். இதுல இன்னும் எட்டுப் பேரை எப்படிம்மா சேர்க்கிறது?"

கூடுதல் குடியிருப்போரை வெளியேற்றும்படி ஆணை வந்தது. வெந்நீர் விட்டுக் கழுவினேன். மறுநாள் போஸ்லர் வந்து, தொட்டி காலியாக இருப்பதாகக் குறித்துக்கொண்டார். இருந்தாலும் கல்நெஞ்சர் அல்ல. வாசலில் நின்று ஒரு வழி சொன்னார். குளியல் தொட்டிக்கு அனுமதி தேவையில்லை. பதிவு செய்யாத விருந்தாளி ஒரு வீட்டில் நாற்பத்திரண்டு நாள் வரை தங்கலாம்.

மாதக் கடைசியில் எட்டுப் பேரும் எங்கள் குளியல் தொட்டிக்கு வந்து சேர்ந்தார்கள். நாற்பத்திரண்டாம் நாள் வாளியில் ஏறி எதிர்வீட்டு ஹேபர்லே அம்மாள் வீட்டுக்குப் போனார்கள். படிக்கட்டுப் பெருக்கும் முறை யாருக்கோ அவர் கதவில் பலகை மாட்டுவது எங்கள் ஊர் வழக்கம். மீன்கள் முறை வைத்து வீடு மாறுவதற்கும் அதுவே அடையாளமாக, பின்பக்கம் ஒரு மீனை வரைந்துவிட்டோம். பன்னிரண்டு வீட்டாரும் ஒன்றுகூடிப் போஸ்லரை வாயாரத் திட்டினோம். பிறகு ஒழுங்குக்காக ஒரு குழு அமைத்தோம். நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். என்னைச் செயலாளராக்கினார்கள்.

ஹேபர்லே அம்மாள் நாற்பத்தோராம் நாளே வாளியோடு அடுத்த வீட்டுக்குக் கிளம்பிவிட்டாள். குளித்து ஆறு வாரம் ஆயிற்றாம். எங்கள் குழு விதிகளின் பத்தி நான்கைக் காட்டித் திருப்பி அனுப்பினேன்.

என் தொட்டிக்குப் போன வாரம் அனுமதி வந்தது. காலியாக வைத்திருக்க.

ஞாயிற்றுக்கிழமை கோட்லோப் ஊன்றுகோலோடு வந்தார். இரண்டு பஸ் மாறியிருக்கிறார்.

"எட்டும் நல்லா இருக்காம்மா? ஒரு தடவை பாத்துட்டுப் போயிடறேன்."

எங்கள் குழுவின் பார்வையாளர் படிவத்தை நீட்டினேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு நிதானமாக எழுதினார். ஓரிடத்தில் பேனா நின்றது.

"மீனுக்கும் எனக்கும் என்ன உறவுன்னு கேட்டிருக்கே. இதுல என்னம்மா எழுதறது?"

"எனக்கு எப்படிங்க தெரியும்?" என்றேன். "காலியா மட்டும் விடக் கூடாது."