வெட்டப்படாத தர்பூசணி

கோடையை ஒழிப்பது என்று மேலிடத்தில் முடிவாயிற்று. அது கொஞ்சம் சிரமம் என்று தெரிந்ததும், கோடையைப் பற்றி மக்களுக்கு விழிப்புணர்வாவது ஊட்டுவது என்று முடிவாயிற்று. ‘நீர்ச்சத்து விழிப்புணர்வு விழா’ நடத்தும்படி எல்லா அலுவலகங்களுக்கும் சுற்றறிக்கை பறந்தது. அலுவலகத்துக்கு ஒரு தர்பூசணி. அதை இயக்குநர் பொதுமக்கள் முன்னிலையில் தம் திருக்கரத்தால் வெட்டி, அதன் நன்மைகளை எடுத்துரைத்து, விநியோகிக்க வேண்டும்.

பழம் வந்து இறங்கியது. நல்ல கனம். அது பண்டகக் காப்பாளரிடம் ஒப்படைக்கப்பட்டது. அலுவலகத்தில் அவரைச் சுருக்கமாகப் ‘பண்டகம்’ என்பார்கள். உடைந்த நாற்காலிகளையும் ஓடாத மின்விசிறிகளையும் பல காலமாகக் கட்டிக் காத்தவர். ஆனால் நாற்காலி அழுகாது, பழம் அழுகும். அந்தக் கவலையில் அடிக்கடி பழத்தை முகர்ந்து பார்த்துக்கொண்டார்.

கவலைப்படாமல் என்ன செய்வார்? அவர் மனைவி வேறொரு ஊரில் டீச்சர். கல்யாணமான நாளிலிருந்து இருவரும் போனில்தான் குடும்பம் நடத்துகிறார்கள். அந்த ஊருக்கே மாற்றல் கேட்டு அவர் கொடுத்த மனு இயக்குநரின் மேஜையில் கிடந்தது. “விழா நல்லபடியா முடியட்டும், கையெழுத்துப் போட்டுடறேன்” என்று சொல்லிவிட்டு, தம் அறையைப் பூட்டிச் சாவியோடு சுற்றுப்பயணம் போய்விட்டார் இயக்குநர். அலுவலகத்தின் ஒரே குளிர்சாதனப் பெட்டியும் அந்த அறைக்குள்தான் இருந்தது.

சுற்றறிக்கை தெளிவாகவே இருந்தது: ‘முழுப் பழத்தை நிழலான, காற்றோட்டமுள்ள இடத்தில் வைக்கலாம். வெட்டிய பழத்தை மூடி, குளிர்சாதனப் பெட்டியில் வைத்து, விரைவில் உண்ணவும்.’ பண்டகம் பழத்தை ஜன்னலோரம் வைத்து, வெயில் படாமல் திரை போட்டார். இத்தோடு விட்டிருந்தால் பழம் பிழைத்திருக்கும்.

மேலாளர் வந்தார். பழத்தை விரலால் தட்டினார்.

“உள்ளே சிவப்பா இருக்குன்னு யார் சான்று குடுத்தது?”

“கடைக்காரர் சொன்னார் சார்.”

“அவர் நம்ம டிபார்ட்மெண்டா? முக்கோணமா ஒரு துண்டு வெட்டுங்க.”

வெட்டினார்கள். சிவப்புதான். மேலாளர் மாதிரியை ஆய்வு செய்தார், அதாவது தின்றார். தோலைத் திரும்பப் பொருத்தி, டேப் ஒட்டச் சொன்னார்.

“வெட்டினா ஃபிரிட்ஜ்ல வைக்கணுமே சார்?”

“இது வெட்டலைய்யா, பரிசோதனை. மூடி போட்டாச்சுல்ல? முழுப் பழம்தான்.”

அடுத்து சுகாதார ஆய்வாளர் வந்தார். “தோலைக் கழுவாம கத்தி வச்சீங்களா? மேல இருக்கிற அழுக்கெல்லாம் உள்ளே போயிருக்குமே!” என்று பதறினார். அது நியாயமான பேச்சு, அந்த அலுவலகத்தில் அபூர்வமாகக் கேட்பது. பிறகு பழத்தைக் கழுவி, உள்ளே போன அழுக்கை உறுதிப்படுத்த அவரும் ஒரு மாதிரி எடுத்துக்கொண்டார்.

தணிக்கையாளர் அதற்கும் மேலே போனார்.

“எடுத்த மாதிரியெல்லாம் எங்கே?”

“சோதிச்சாச்சு சார்.”

“சோதிச்சதுக்கு ஆதாரம்?”

“மேலாளர் இனிப்புன்னு சொன்னார்.”

“அவர் வாயில இருக்கிற இனிப்பை நான் எப்படிய்யா சரிபார்க்கிறது? இன்னொண்ணு வெட்டுங்க.”

அவர் எடுத்ததைச் சரிபார்க்க உள்தணிக்கை வந்தது. உள்தணிக்கையைச் சரிபார்க்கத் தட்டச்சர்கள் வந்தார்கள். வெயில் ஏற ஏறக் கடமையுணர்ச்சியும் ஏறியது. கடைசியில் கத்தியை விட்டுவிட்டு, இருந்த ஓட்டைகள் வழியாகவே கரண்டி போட்டுச் சோதித்தார்கள். ஒவ்வொரு சோதனைக்குப் பின்னும் தோல் மூடப்பட்டது, டேப் ஒட்டப்பட்டது, பழம் முழுமை பெற்றது.

விழாவுக்கு முன்தினம் பண்டகம் பழத்தைத் தூக்கிப் பார்த்தார். பஞ்சு மூட்டை போல வந்தது. “போச்சு, என் மாற்றல் போச்சு” என்று தலையில் கை வைத்துக்கொண்டார். உள்ளே எட்டிப் பார்த்தார். அடியில் ஒரு கரண்டி அளவு ஒட்டிக்கொண்டிருந்தது. விரைவில் உண்ணவும் என்று சுற்றறிக்கையே சொல்கிறதே. உண்டார். நல்ல இனிப்புப் பழம். அழுகை வந்தது.

ஓட்டைகள் தெரியாமல் சுற்றிலும் ரிப்பன் கட்டி, பழத்தை மேடையேற்றினார்கள். பந்தல் இல்லை. மக்கள் வெயிலில் நாக்கு வறள நின்றார்கள். தாகம் தணிப்பது பற்றி இயக்குநர் வெகுநேரம் பேசினார். இடையிடையே அவர் மட்டும் தண்ணீர் குடித்துக்கொண்டார். பிறகு கத்தியை எடுத்து ஓங்கினார். கத்தி வெண்ணெயில் இறங்குவது போல இறங்க, பழம் இரண்டு கிண்ணங்களாகப் பிளந்தது. கிண்ணங்களில் ஒன்றுமில்லை.

இயக்குநர் பண்டகத்தைப் பார்த்தார். பண்டகத்துக்கு மனைவியின் முகம் கண்முன் வந்து போனது.

“ஐயா, சிவப்புல வெறும் தண்ணிதாங்க,” என்று வாய் தானாகப் பேசியது. “சத்தெல்லாம் தோல்லதான். அதனால மக்கள் நலன் கருதி, சிவப்பை முன்கூட்டியே நீக்கிட்டோம்.”

தமக்குத் தெரியாத ஒன்று உலகத்தில் உண்டு என்று இயக்குநர் எந்நாளும் ஒப்புக்கொண்டதில்லை. “அதைத்தான் நான் சொல்ல வந்தேன்,” என்று ஒலிபெருக்கியில் அறிவித்து, ஒரு துண்டுத் தோலைக் கடித்தார். பல் வலித்தது. புன்னகை செய்தார்.

தோல் விநியோகமாயிற்று.

“மாட்டுக்குப் போடறதை நமக்குத் தர்றாங்களே?” என்றாள் சுமை தூக்கும் அம்மாள்.

“சும்மா இரு. ஆபீசரே சாப்பிடறாரு, உனக்கென்ன?” என்றார் பக்கத்திலிருந்த தையல்காரர். மென்றுகொண்டே கைதட்டினார்கள்.

சில நாளில் தோல் பிரபலமாகிவிட்டது. உடற்பயிற்சிக் கூடத்தில் தோல் சாறு, அழகு நிலையத்தில் தோல் பூச்சு. பழக்கடைக்காரர் தோலைத் தனியாக எடை போட்டு விற்று, சிவப்பைக் கொசுறாகக் கொடுத்தார். அதையும் பலர் வேண்டாம் என்றார்கள்.

மாற்றல் மனு இயக்குநரின் கையெழுத்தோடு திரும்பி வந்தது. பண்டகம் அவசரமாகப் பிரித்தார். ‘பழத்தை ஒரு துளியும் அழுக விடாமல் பாதுகாத்த இத்தகைய திறமைசாலியை இவ்வலுவலகம் இழக்க இயலாது. மனு நிராகரிக்கப்படுகிறது.’

அன்று சாயங்காலம் மனைவி போன் செய்தாள்.

“என்னங்க, எப்படியும் இந்த வாரம் வந்துடுவீங்கன்னு பெரிய தர்பூசணியா வாங்கினேன். சிவப்பையெல்லாம் சுரண்டி மாட்டுக்குப் போட்டுட்டேன். தோலை உங்களுக்காக ஃபிரிட்ஜ்ல பத்திரமா மூடி வச்சிருக்கேன். எப்ப வர்றீங்க?”