டாக்டருக்கு வழி விட்டவர்

ஹெல்மெட் பாதி மண்டை வரைக்கும்தான் வந்தது. அதற்கு மேல் இறங்க மாட்டேன் என்று அடம்பிடித்தது.

"இன்னும் கொஞ்சம் அழுத்து" என்றாள் தோன்ச்கா. விதோமிர் வேலை பார்க்கும் கதவுத் தொழிற்சாலையின் தொழிற்சங்கச் செயலாளர் அவள்.

"அழுத்தினா கட்டி வலிக்குது" என்றார் விதோமிர்.

"அழுத்தலேன்னா நம்ம அணியே கிடையாது."

விதோமிரின் பின்மண்டையில் இருந்தது வெறும் கொழுப்புக் கட்டி. ஆபத்தில்லாதது என்று மூன்று டாக்டர்கள் எழுதிக் கொடுத்திருந்தார்கள். ஆபத்தில்லை என்பதற்காக அதை மண்டையில் வைத்துக்கொண்டு கொஞ்சவா முடியும்? கோழிமுட்டை அளவு. மல்லாந்து படுக்க முடியாது. தொப்பி நிற்காது. தேவாலயத்தில் பின்வரிசைக்காரர்கள் பாதிரியாரை விட்டுவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். அறுவை சிகிச்சைக்காகப் பதினான்கு மாதம் காத்துக் கிடந்து, ஒருவழியாக வருகிற திங்கட்கிழமை தேதி கிடைத்திருக்கிறது.

"அதுவரைக்கும் தலையில அடி படக்கூடாது. வீங்கிச்சுன்னா கத்தி வைக்க மாட்டேன். திரும்ப வரிசையில கடைசிக்குப் போக வேண்டியதுதான்" என்று டாக்டர் கொஷேல் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

இன்று சனிக்கிழமை. மலைமேல் தொழிற்சங்கங்களின் குளிர்கால விளையாட்டு. வட்டாரத்தில் உள்ள எல்லா வேலையிடங்களும் வந்துவிடும். ஒவ்வோர் அணியிலும் ஐம்பது தாண்டியவர் ஒருவராவது காலில் சறுக்குப் பலகை கட்டிக்கொண்டு பனியில் சறுக்கி இறங்க வேண்டும். இல்லாவிட்டால் மொத்த அணியும் மூட்டை கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போகலாம். வழக்கமாக இறங்குகிற தச்சர் முந்தாநாள் படிக்கட்டில் வழுக்கிக் காலை உடைத்துக்கொண்டார். விதோமிருக்குப் போன நவம்பரில்தான் ஐம்பது முடிந்திருந்தது. வேறு ஆள் இல்லை.

மனைவி ஸ்லாவ்காவிடம், "சும்மா கொடி பிடிக்கத்தான் போறேன்" என்று சொல்லிவிட்டு வந்திருந்தார்.

"கொடியைக் கையால பிடி. மண்டையால பிடிக்காதே" என்று அவள் சொல்லி அனுப்பினாள்.

தோன்ச்கா ஓடிப்போய் கேன்டீன் சமையல்காரரின் ஹெல்மெட்டை வாங்கி வந்தாள். அந்த மனிதருக்குத் தலை பெரிசு. இது கட்டியைத் தாண்டி சொகுசாக இறங்கியது, ஆனால் நிற்காமல் மூக்கு வரைக்கும் வந்துவிட்டது.

"ஒண்ணும் தெரியலை."

"தெரிஞ்சா பயமாத்தான் இருக்கும். இரு."

உள்ளே மூன்று துண்டுகளைச் சுருட்டித் திணித்தாள். இப்போது கண் தெரிந்தது, காது அடைத்துக்கொண்டது. ஹெல்மெட் தலைக்கு மேல் ஒரு சாண் உயரத்தில் நின்றது. பார்த்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள்.

"முதலா வர வேண்டாம். இறங்கினாப் போதும்" என்று அவர் காதருகே கத்தினாள் தோன்ச்கா. "ரெண்டு ரெண்டு பேரா விடறாங்க. நீதான் உங்க வயசுப் பிரிவுல கடைசி ஜோடி. உன்கூட வர்றது ஆஸ்பத்திரி அணி. யாரோ கொஷேலாம்."

விதோமிர் ஹெல்மெட்டோடு தலையைப் பிடித்துக்கொண்டார். "ஐயோ, அவர்தான் என் டாக்டர்."

"நல்லதாப் போச்சு. விழுந்தா பக்கத்துலயே வைத்தியம்."

முகம் தெரியாமல் இருக்கட்டும் என்று கழுத்துத் துணியை மூக்குக்கு மேலே இழுத்துவிட்டார். மூச்சுக்காற்று மேலே ஏறி மூக்குக்கண்ணாடி முழுக்க மங்கிப்போனது. மங்கிய கண்ணாடியோடு தடவித் தடவிப் போய், தன் தடம் என்று நினைத்து நேராக டாக்டரின் தடத்தில் போய் நின்றார். அதுவும் அவர் காலை மிதித்துக்கொண்டு.

"விதோமிரா?" டாக்டர் கொஷேல் அவருடைய ஹெல்மெட்டைத் தட்டிப் பார்த்துவிட்டுக் காதருகே கத்தினார். "உள்ள என்ன?"

"துண்டு டாக்டர். மூணு."

"திங்கக்கிழமை உங்களுக்கு ஆபரேஷன்."

"மறக்கலை டாக்டர். மெதுவாத்தான் வருவேன். ரொம்ப ரொம்ப மெதுவா."

டாக்டரின் முகம் சுருங்கியது. "அவ்வளவு மெதுவா வேண்டாம். மெதுவாப் போறவங்கதான் விழுவாங்க. வேகமாப் போயிடுங்க."

என்ன பெருந்தன்மை என்று விதோமிர் உருகிப்போனார். தன்னை ஜெயிக்க விடுகிறார் மனிதர். ஆனால் நாளை மறுநாள் கத்தி யார் கையில்? தோற்ற கோபத்தில் அந்தக் கை லேசாக நடுங்கினால், போவது யாருடைய மண்டை? செத்தாலும் டாக்டருக்கு முன்னால் முடிவுக் கோட்டைத் தாண்டக்கூடாது என்று அங்கேயே முடிவு செய்தார்.

விசில் ஊதினார்கள். விதோமிருக்குக் கேட்கவில்லை; நடுவர் கை அசைத்த பிறகுதான் புரிந்தது. நல்ல ஆரம்பம் என்று சந்தோஷப்பட்டுக்கொண்டே திரும்பிப் பார்த்தால், விசில் கேட்ட டாக்டரும் பக்கத்தில் அப்படியே நின்றுகொண்டிருந்தார்.

இருவரையும் பின்னாலிருந்து தள்ளிவிட வேண்டியிருந்தது.

சுற்றிப் போக வேண்டிய கொடிக்கம்பங்களில் மூன்றாவதன் அருகே விதோமிர் நின்று கண்ணாடியைத் துடைத்தார். டாக்டர் நின்று காலணியை இறுக்கினார்.

"நீங்க போங்க டாக்டர்."

"நோயாளிக்குத்தான் முதல் வழி."

"நீங்க பெரியவங்க."

"பெரியவன் சொன்னாக் கேக்கணும். போய்யா."

ஐந்தாவது கம்பத்தில் டாக்டர், ஒரு கம்பத்தைத் தவறவிட்டதாகச் சொல்லிப் பலகையைக் குறுக்காக வைத்து மேலே ஏறிப் போனார். விதோமிர் விடுவாரா? தான் இரண்டைத் தவறவிட்டதாகச் சொல்லி அவருக்கும் மேலே ஏறினார். ஏறும்போது டாக்டர் ஏதோ முணுமுணுத்தார். துண்டு அடைத்த காதில் அது விழவில்லை. தன் கவனத்தைப் பாராட்டுகிறார் என்றே விதோமிர் எடுத்துக்கொண்டார்.

ஒலிபெருக்கியில் பேசிக்கொண்டிருந்தவன் வர்ணிக்க ஒன்றும் கிடைக்காமல், சூப் எந்தக் கூடாரத்தில் கிடைக்கும் என்று இரண்டு தடவை அறிவித்தான். கூட்டம் பாதி கலைந்தது.

இருபது நிமிஷம் கழித்து இருவரும் முடிவுக் கோட்டுக்கு இரண்டு முழம் முன்னால் வந்து மரம் மாதிரி நின்றார்கள். டாக்டருக்கு வியர்த்துக் கொட்டியது.

"விதோமிர், கெஞ்சிக் கேக்கறேன். தாண்டுங்க."

டாக்டர் இரண்டு கையையும் கூப்பினார். விதோமிருக்குக் கண் கலங்கிவிட்டது. இப்படி ஒரு தங்கமான டாக்டர் யாருக்குக் கிடைப்பார்?

"மாட்டேன் டாக்டர். இது உங்களுக்குச் சேர வேண்டியது."

சொல்லிவிட்டு, அவர் இடுப்பில் கை வைத்து அன்பாக ஒரு தள்ளு தள்ளினார். டாக்டர் கோட்டைத் தாண்டிப் போய் வைக்கோல் மூட்டையில் சாய்ந்து நின்றார். விதோமிர் ஐந்து வரை எண்ணிவிட்டுப் பின்னால் பூப்போல வந்தார். விழவில்லை. தலையில் ஒரு கீறல் இல்லை. பதினான்கு மாதக் காத்திருப்பு பத்திரமாக இருந்தது. ஸ்லாவ்காவிடம் உண்மையையே சொல்லிவிடலாம் போல இருந்தது.

"வாழ்த்துகள் டாக்டர். ஜெயிச்சிட்டீங்க" என்று கையை நீட்டினார்.

டாக்டர் அந்தக் கையைப் பார்த்தார், ஹெல்மெட்டைப் பார்த்தார், பலகையைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார்.

"சந்தோஷத்துல பேச்சு வரலை பாவம்" என்றார் விதோமிர்.

"எனக்கும்தான்" என்றாள் தோன்ச்கா.

அப்போது ஆஸ்பத்திரி அணியின் நர்ஸ் யெல்கா, உப்புப் போட்டுக் காயவைத்த முழுப் பன்றித்தொடை ஒன்றைக் குழந்தை மாதிரி இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு மூச்சு வாங்க வந்தாள். அதை விதோமிரின் கையில் வைத்தாள்.

"இந்தாங்க, ஐம்பது தாண்டினவங்கள்ல கடைசியா வர்றவங்களுக்கான பரிசு. ஆறு வருஷமா டாக்டர் வீட்டுக்குத்தான் போயிட்டிருந்துச்சு, இதை நம்பித்தான் நாளைக்கு மாமனார் வீட்டு ஆளுங்க பதினாறு பேரை விருந்துக்குக் கூப்பிட்டிருக்காரு. நீங்க திங்கக்கிழமை காலையில ஏழு மணிக்கு வெறும் வயித்தோட வந்துடுங்க."