பஸ்தியாம்பிள்ளையின் ஒன்றரைக் கல்

"அத அப்படியே வைங்க. சம்பலுக்கு அரைக்கணும்" என்றாள் மனைவி பியட்றிஸ்.

பஸ்தியாம்பிள்ளை பதில் சொல்லும் நிலையில் இல்லை. குசினித் தரையில் குந்தியிருந்து, அம்மியை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்து, கண்ணை மூடி மூச்சை அடக்கிக்கொண்டிருந்தார். அவருடைய முகம் முதலில் சிவந்தது, பிறகு கறுத்தது. அம்மி மட்டும் நிறம் மாறாமல் இருந்த இடத்திலேயே இருந்தது.

"இன்னும் அஞ்சு தரம் தூக்கணும்" என்றார், மூச்சு திரும்பி வந்ததும்.

"இன்னும் அஞ்சு தரமா? இதுவரைக்கும் எத்தன தரம் தூக்கினீங்க?"

"காலங்காத்தால கேக்கிற கேள்வியா இது?"

பஸ்தியாம்பிள்ளை கண்டியில் ஒரு தேயிலைக் கம்பனிக் கந்தோரில் கிளாக்கர். வயது முப்பத்தெட்டு. உயரத்தைப் பற்றி அவரே பேசமாட்டார், நாமும் விட்டுவிடுவோம். பதினேழு வருஷமாகப் பேனாவை விடப் பாரமான எதையும் அவர் தூக்கியதில்லை. ஒரே ஒரு தடவை தூக்கினார். வினையே அங்கேதான் தொடங்கியது.

கட்டுக்கலைச் சரிவில் இருந்த அவர்களுடைய சின்னக் கோயிலுக்குச் சந்தியாகுமையோர் பாதுகாவலர். குதிரைமேல் வாளோடு வீற்றிருப்பார். குதிரையும் முழு மரம். யூலை மாதத் திருநாளன்று அவரைக் கூடு என்கிற மரச் சப்பரத்தில் வைத்து, எட்டு ஆண்கள் தோள் கொடுத்து வீதி சுற்றி வருவார்கள். கூட்டின் முன் வலப்பக்கக் கம்பை முப்பது வருஷம் பிடித்தவர் பஸ்தியாம்பிள்ளையின் தகப்பனார். அவர் காலமான பிறகு, போன வருஷந்தான் அந்த இடம் மகனுக்குக் கிடைத்தது. முதல் திருப்பத்திலேயே மகனுடைய முழங்கால் மடிந்தது. கூடு சாய்ந்தது. சந்தியாகுமையோரின் வாள் கழன்று மேளக்காரரின் தலையில் விழுந்தது. பியட்றிஸின் தம்பி கபிரியேல் ஒரு கையை நீட்டித் தாங்கியிராவிட்டால் குதிரையும் இறங்கியிருக்கும்.

அன்றிலிருந்து அவருக்குச் 'சாய்ச்சபிள்ளை' என்று பெயர். முதுகுக்குப் பின்னால் சொன்னார்கள். சிலர் முன்னாலேயே சொன்னார்கள்.

இந்த வருஷம் கோயில் மூப்பர் வீரசிங்கம் தீர்ப்பைச் சொல்லிவிட்டார். அவர் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து கண்டியிலேயே தங்கிவிட்ட ஓய்வுபெற்ற தபாலதிபர். கோயில் காரியங்களை எல்லாம் அவர்தான் பார்த்துவந்தார். நீட்டி முழக்காமல் தந்தி போலப் பேசுவார்.

"தம்பி, இந்தமுறை நீர் மெழுகுதிரி பிடிச்சால் காணும்."

மெழுகுதிரி பிடிப்பவர்கள் வெள்ளைச் சட்டை போட்ட பத்து வயதுப் பெண்பிள்ளைகள். பஸ்தியாம்பிள்ளை அன்று வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்தார். சாய்ச்சபிள்ளை என்றதைக்கூடத் தாங்கிக்கொண்டார். அப்பாவின் தோள் பட்டுத் தேய்ந்த அந்தக் கம்பு வேறொருவன் தோளுக்குப் போவதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

அப்போதுதான் அந்தப் புத்தகத்தின் ஞாபகம் வந்தது. சீமைக்குக் கப்பலேறிய ஒரு தோட்டத்துத் துரையின் சாமான்களை ஏலம் போட்டபோது, ஒரு கதிரையோடு ஒட்டிக்கொண்டு வந்த புத்தகம் அது. வீட்டிலிருந்தபடியே பலசாலி ஆவது எப்படி என்று இங்கிலீஷில் எழுதியிருந்தது. அட்டையில் முறுக்கு மீசைக்காரன் ஒருவன் வெறுங்கையால் காளைமாட்டையே அடக்குகிற தோரணையில் நின்றான்.

பஸ்தியாம்பிள்ளை மனைவிக்காகச் சத்தமாக மொழிபெயர்த்தார். "முதல் வாரம் ஹாஃப் எ ஸ்டோன். அதாவது அரைக் கல். ரெண்டாம் வாரம் ஒரு கல். மூணாம் வாரம் ஒன்றரைக் கல். வாரத்துக்கு வாரம் பாரத்தைக் கூட்டணும்."

"கல்லுல அரை எப்படிங்க? ஒடைச்சா?"

நியாயமான கேள்வி. கந்தோரில் றாத்தல், அந்தர் என்று எடைக்கணக்கு எழுதியே விரல் தேய்ந்தவர் அவர். கல்லில் அரை, கால் என்று ஒரு கணக்கையும் கண்டதில்லை. ஆனால் ஸ்டோன் என்றால் கல் என்பது மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும்.

"அரைக்கல்லுன்னா... அரைக்கிற கல்லோ என்னமோ" என்று பியட்றிஸ் விளையாட்டாகச் சொன்னாள்.

பஸ்தியாம்பிள்ளை துள்ளி எழுந்தார். "அதேதான்! அம்மி!"

"வெள்ளக்காரன் ஊர்ல அம்மி இருக்கா?"

"இல்லாம? அவன் என்ன பல்லாலயா அரைக்கிறான்?"

நாவலப்பிட்டிப் பக்கத் தோட்டத்தில் கொழுந்து பறித்து வளர்ந்தவளுக்கு இங்கிலீஷ் எங்கே விளங்கப்போகிறது என்று அவர் நினைத்துக்கொண்டார்.

முதல் வாரம் முடிந்தபோது அம்மியின் ஒரு பக்கம் நெருப்புக்குச்சி உயரத்துக்கு எழும்பியது. அதுவும் ஒரு தடவைதான். பஸ்தியாம்பிள்ளை யோசித்துப் பார்த்துக் குற்றம் அம்மியுடையது என்று கண்டுபிடித்தார். தட்டையான கல், கைக்குப் பிடி இல்லை. தன்மேல் ஒரு பிழையும் இல்லை. ஆகவே புத்தகத்தில் சொன்னபடி இரண்டாம் வாரத்துக்கு ஏறிவிடுவதே உசிதம். அரைக்கல் அம்மி என்றால், ஒரு கல் என்பது அம்மியைப் போல் இரண்டு மடங்கு இருக்க வேண்டும்.

பின்வளவில் அப்படி ஒரு கல் இருந்தது. பியட்றிஸ் துணி துவைக்கிற கல். அதை அலவாங்கால் கிளப்பி, உருட்டிப் புரட்டிப் பலாமரத்தடியில் கொண்டுவந்து விட்டார். அதற்கே ஒரு சனிக்கிழமை முழுதும் போயிற்று.

"அப்ப துணிய எதுல தோய்க்கிறது?"

"கொஞ்ச நாளைக்குப் பொறுத்துக்க. கோயில் காரியம்."

பியட்றிஸ் கல்லைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். துணிக்கூடையை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

திங்கட்கிழமை காலை பஸ்தியாம்பிள்ளை புத்தகம் சொன்ன முறைப்படியே செய்தார். கல்லைக் கட்டிப்பிடித்தார், கண்ணை மூடினார், மூச்சை அடக்கி இருபது வரை எண்ணினார். பதினேழில் கண்ணுக்குள் பூச்சி பறந்தது. இருபதில் கண்டி நகரமே சுற்றியது. சுவரைப் பிடித்துக்கொண்டு உள்ளே போய், முகத்தைக் கழுவி, கந்தோருக்கு ஓடினார்.

மாலையில் வந்து பார்த்தால் கல் கிணற்றடியில் கிடந்தது.

பஸ்தியாம்பிள்ளை அடியளந்தார். பலாமரத்திலிருந்து பதினான்கு அடி. புத்தகத்தைப் புரட்டினார். பதினோராம் பக்கத்தில் இருந்தது: 'பலம் என்பது சொல்லிக்கொண்டு வருவதில்லை.'

"கல்லு கிணத்தடியில கிடக்கு!" என்றார் மனைவியிடம்.

"ஆமா, கிணத்தடியிலதான் கிடக்கு" என்றாள் அவள், அரிசி களைந்தபடி.

சாட்சியும் கிடைத்துவிட்டது. மயக்கத்தில் தூக்கிக்கொண்டு நடந்திருக்கிறோம் என்று பஸ்தியாம்பிள்ளை முடிவு கட்டினார். அடக்கமானவர் என்பதால் கந்தோரில் நாலு பேரிடம் மட்டும் சொன்னார். அந்த வாரம் கிணற்றடியிலேயே பயிற்சி நடந்தது. வெள்ளிக்கிழமை மாலை கல் வேலியோரம், துணிக்கொடிக்குக் கீழே போயிருந்தது. முன்பு சாய்த்து நடந்த தோளை நிமிர்த்திக்கொண்டு நடந்தார். சட்டை இறுக்குவதாகவும் தோன்றியது. சட்டை துவைத்ததில் சுருங்கியிருந்தது என்பது வேறு விஷயம்.

அடுத்த நாள் மூப்பர் வீடு தேடி வந்தார்.

"தம்பி, கூட்டுக்குப் பட்டுத்துணி வாங்க உம்மடை பக்கத்து வீட்டுத் தாஸிமின்ரை கடைக்குப் போனனான். தாஸிம் ஒரு கதை சொன்னவர். உம்மடை பின்வளவிலை பெரிய கல்லொண்டைத் தூக்கி இடுப்பிலை வைச்சுக்கொண்டு போறாராம். தன்ரை கண்ணாலை கண்டவராம்."

தாஸிம் அக்குறணைக்காரர். கண்டித் தெருவில் புடவைக்கடை வைத்திருந்தார். ஐந்து வேளை தொழுபவர். அளவில் ஒரு விரற்கடை குறைக்காதவர். அவர் கண்டேன் என்றால் கண்டதுதான்.

இடுப்பில் என்றதுதான் பஸ்தியாம்பிள்ளைக்குக் கொஞ்சம் இடித்தது. புத்தகத்துப் படங்களில் எல்லாரும் தலைக்கு மேலேதான் தூக்கினார்கள். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு செய்த காரியத்தைப் பற்றிக் கண்ணால் கண்டவரோடு எப்படி வாதாடுவது?

"ஏதோ, நம்மால முடிஞ்சது" என்றார்.

"நல்லது. முன் வலப்பக்கம் உமக்குத்தான். பேரை எழுதிப்போட்டன்."

மூப்பர் போன பிறகு பஸ்தியாம்பிள்ளைக்குக் கண் கலங்கியது. அப்பாவின் படத்துக்கு முன்னால் போய்க் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு பயம் பிடித்துக்கொண்டது. திருநாளுக்கு இன்னும் எட்டு நாள்தான். ஒரு கல்லோடு நின்றுவிட்டால் போதுமா? புத்தகம் ஒன்றரைக் கல் என்கிறது. துவைக்கிற கல்லைவிடப் பெரிய கல் அந்த வீட்டில் ஒன்றுதான் இருந்தது. வாசற்படிக் கல்.

அலவாங்கு மறுபடி வெளியே வந்தது. மாலைக்குள் படிக்கல் பெயர்ந்து முற்றத்தில் மல்லாந்து கிடந்தது. வாசலுக்கும் முற்றத்துக்கும் இடையில் முழங்கால் ஆழத்துக்கு ஒரு பள்ளம்.

மறுநாள் ஞாயிறு. நாவலப்பிட்டியிலிருந்து ரயிலில் வந்து இறங்கிய கபிரியேல், பின்வளவு வழியாக வந்து, அக்கா வீட்டில் ஒரு கோப்பி குடித்துவிட்டு, முன்வாசலால் புறப்பட்டான். பத்து வருஷமாகக் கால் வைத்த இடத்தில் படி இருக்கும் என்று நம்பிக் காலை வைத்தான்.

"ஐயோ மாதாவே!"

கபிரியேல் ரயில் எஞ்சினுக்குக் கரி அள்ளிப் போடுகிறவன். கூட்டின் முன் இடப்பக்கம் அவனுடையது. அவனுடைய கணுக்கால் பாண் ரொட்டி போல உப்பியது. அவனைத் தூக்கி உள்ளே கொண்டுபோகப் பஸ்தியாம்பிள்ளை குனிந்தார். பிறகு நிமிர்ந்து, "நொண்டிக்கிட்டே வந்துடு" என்றார்.

செய்தி கேட்டு மூப்பர் விழுந்தடித்து வந்தார். வாசற்படியில் ஏறி உள்ளே வந்து, கதிரையில் காலை நீட்டியிருந்த கபிரியேலைப் பார்த்துத் தலையில் கை வைத்தார். "முன்னுக்கு நிண்ட ரெண்டு பேரிலை ஒராள் போச்சு. தம்பி பஸ்தியாம்பிள்ளை, இனி உம்மைத்தான் நம்பியிருக்கிறம்." படிக்கல் தன் இடத்துக்குத் திரும்பியிருந்ததை அந்தக் களேபரத்தில் ஒருவரும் கவனிக்கவில்லை.

பொழுது போகாமல் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்த கபிரியேல் திடீரென்று சிரித்தான். கால் வலித்தது, அப்படியும் சிரித்தான்.

"மச்சான், இதுக்கா அம்மியத் தூக்கினீங்க? ஸ்டோன்னா கல்லு இல்ல. அது ஒரு எடை. பதினாலு றாத்தல். எங்க டிரைவர் துரை பன்னண்டு ஸ்டோன்னு தன்னச் சொல்லிக்குவாரு. பன்னண்டு கல்லையா அவரு தின்னாரு? அரை ஸ்டோன்னா ஏழு றாத்தல். ஏழு றாத்தல் பாணுதான்!"

றாத்தலுக்கு ஒன்றாக ஏழு பாண். பஸ்தியாம்பிள்ளைக்குக் காது வரை சூடேறியது. பதினேழு வருஷ இங்கிலீஷ் ஒரு கரியள்ளிக்கு முன்னால் கவிழ்ந்து கிடந்தது. ஆனால் அடுத்த நிமிஷம் அவருக்குள் இருந்த கிளாக்கர் கூட்டிப் பெருக்கினார். துவைக்கிற கல் நூறு றாத்தலாவது வரும். அப்படியென்றால் ஏழு ஸ்டோன்! பதினாலாம் வாரத்தில் தூக்க வேண்டியதை இரண்டாம் வாரத்திலேயே தூக்கிவிட்டோம்!

"அப்ப நான் புத்தகத்தையே மிஞ்சிட்டேன்" என்றார்.

"நீங்க? அந்தக் கல்லையா?"

"நான் சொல்லல. பக்கத்து வீட்டுத் தாஸிம் நானாதான் தன் கண்ணால பாத்தவரு."

"அப்ப ஒருக்காத் தூக்கிக் காட்டுங்களேன்."

வேண்டாம் என்று சொல்லத்தான் வாய் எடுத்தார். ஆனால் உண்மையைச் சொன்னால், தான் தூக்கியதைப் பார்க்க அவருக்கே ஆசையாக இருந்தது. இதுவரை அவர் பார்த்ததில்லை.

எல்லாரும் பின்வளவுக்குப் போனார்கள். கபிரியேலைக் கதிரையோடு திண்டாடி நகர்த்தினார்கள். கணுக்காலுக்குப் பூச எண்ணெய்ப் போத்தலோடு வந்த தாஸிமும் வேலியோரம் நின்றார். பியட்றிஸ் குசினி வாசலில் நின்று, "வேணாங்க, விடுங்க" என்றாள். அவர் கேட்கவில்லை.

குந்தினார். கல்லைக் கட்டிப்பிடித்தார். கண்ணை மூடி மூச்சை அடக்கினார். "அப்பா, ஒரு கை குடுங்க" என்று மனதுக்குள் வேண்டிக்கொண்டார். பத்து. பதினைந்து. எங்கோ 'டர்ர்' என்று ஒரு சத்தம் கேட்டது. இருபது. இந்நேரம் கிணற்றடி வந்திருக்கும் என்று நினைத்துக் கண்ணைத் திறந்தார்.

வேலியோரந்தான். கல் கிடந்த இடத்திலேயே கிடந்தது. நகர்ந்தது அவருடைய சாரத்தின் தையல் மட்டுமே.

ஒருவரும் சிரிக்கவில்லை. அதுதான் அவருக்கு இன்னும் வெட்கமாக இருந்தது. சாரத்தைக் கூட்டிப் பிடித்துக்கொண்டு அந்தக் கல்லின் மேலேயே உட்கார்ந்தார்.

"மூப்பரய்யா, அந்த மெழுகுதிரியையே எனக்குக் குடுத்துடுங்க. ஏழு பாணக் குடுத்தாக்கூட நான் மூச்சு வாங்கித்தான் தூக்குவேன். அப்பா புடிச்ச கம்புன்னு ஆசப்பட்டேன். அவ்வளவுதான்."

மூப்பருக்கு மனம் இளகியது. இளகிய மனத்தைக் காட்டத் தெரியாததால் தாஸிம் பக்கம் பாய்ந்தார்.

"தாஸிம், நீர் ஒரு மரியாதையான மனிசன். கோயில் காரியத்திலை இப்பிடிப் பொய் சொல்லலாமே? கண்ணாலை கண்டனான் எண்டெல்லே சொன்னனீர்?"

குசினி வாசலில் நின்ற பியட்றிஸ் சட்டென்று உள்ளே போய்விட்டாள். தாஸிம் எண்ணெய்ப் போத்தலை வேலிக் கட்டையில் வைத்தார்.

"அல்லாஹ்வுக்காக நான் பொய் செல்லல்ல மூப்பர். 'பஸ்தியாம்பிள்ளைட ஊட்டுல கல்ல இடுப்புல வெச்சுக்கிட்டுப் போறாங்க' எண்டுதான் சென்ன. எங்கட பியட்றிஸ் தங்கச்சியத்தான் சென்ன. அத 'போறார்' எண்டு ஆம்புளையாக்கின நீங்கதானே!"