சுவத்தைப் பாத்து நின்ன ஒரு வாரம்

வீட்டுல என் பேச்சைக் கேக்க ஒரு ஜீவனாவது இருக்கட்டும்னுதான் நாய் வளக்கவே ஒத்துக்கிட்டேன். லட்டு வந்த அன்னிக்கே தெரிஞ்சுபோச்சு, அதுவும் பேச வந்த ஜீவன்.

லக்ஷ்மிபாய் நகர் குவார்ட்டர்ஸ்ல நாங்க முதல் மாடி. எங்க வீட்டு பெல் அடிச்சா குரைக்கும். எதிர் வீட்டு பெல் அடிச்சாலும் குரைக்கும். குக்கர் விசில், காய்கறி வண்டி, என் தும்மல் (இதுக்கு மட்டும் கூடுதலா ரெண்டு நிமிஷம்). கீழ் வீட்டு வர்மாஜி ரெண்டு தடவை நல்லவிதமா சொல்லிப் பாத்தார். மூணாவது தடவை, "சண்டே நானே வந்து பாப்பேன். அப்பவும் இப்படின்னா கம்ப்ளெயின்ட் எழுதிடுவேன், நாயை அனுப்பித்தான் ஆகணும்"னு இந்தியில சொல்லிட்டுப் போயிட்டார். என் பொண்ணு நிஷா அன்னிக்கு சாப்பிடவே இல்ல.

போன்ல வீடியோ பாத்து ஒரு வழி கண்டுபிடிச்சேன். நாய் குரைக்கும்போது யாரும் அதைப் பாக்கக் கூடாது, வாயைத் திறக்கக் கூடாது, முதுகைக் காட்டி நிக்கணும். அது நிறுத்தினதும் திரும்பி, "ஷாபாஷ்"னு சொல்லி ஒரு துண்டு ரஸ்க்.

"ஏங்க, நாள் முழுக்க வார்டுல நின்னுட்டு வந்து, இங்க சுவத்தைப் பாத்து வேற நிக்கணுமா?"ன்னா என் மனைவி ஜெசி. நர்ஸ்.

"ஒரு வாரம்தான். ஒருத்தர் திரும்பினாலும் எல்லாம் போச்சு."

நின்னோம். ஹால் சுவத்து விரிசல் எல்லாம் எனக்கு மனப்பாடம். பால் பொங்கி வழிஞ்சப்பகூட ஜெசியைத் திரும்ப விடல (அதுக்கப்புறம் அவ என்கிட்ட பேசினது சனிக்கிழமைதான்).

ஞாயித்துக்கிழமை பெல் அடிச்சுது. கதவைத் திறந்தா வர்மாஜி, கூடவே அவர் சம்சாரம். லட்டு ஆரம்பிச்சுது. பழக்கதோஷம், மூணு பேரும் வந்தவங்களுக்கு முதுகைக் காட்டி சுவத்தோட ஒட்டிக்கிட்டோம்.

"நமஸ்தே ஜி"ன்னார். பதில் சொன்னா ஒரு வார உழைப்பு பாழ். சொல்லல.

"அரே பாய் சாப், என்ன ஆச்சு?"

லட்டு அவரைவிட சத்தமா கேட்டுச்சு.

"அப்பா, திரும்பலாமா?"ன்னு நிஷா கிசுகிசுத்தா. "உஷ்"னேன். எனக்கு வாழ்க்கையே வெறுத்துப்போச்சு.

பின்னால மிஸஸ் வர்மா மெதுவா, "கிறிஸ்தவங்க இல்லையா. பிரார்த்தனை நேரம் போல"ன்னாங்க. செருப்பைக் கழட்டுற சத்தம். வர்மாஜி வாயை மூடினார். அவர் மூடினதும் லட்டுவும் மூடிச்சு.

இந்த நொடிக்குத்தானே ஒரு வாரமா தவம். விருட்டுனு திரும்பி, "ஷாபாஷ்"னு ரஸ்க்கை நீட்டினேன். லட்டு சோபாவுக்கு அடியில போயிருந்துச்சு. ரஸ்க் போய் உக்காந்தது வர்மாஜி கூப்பியிருந்த கையில. அவர் அதைக் கண்ணுல ஒத்தி வாயில போட்டுக்கிட்டார்.

ஜெசிதான் முதல்ல சிரிச்சா. எனக்குத் தெரிஞ்ச அரைகுறை இந்தியில நடந்ததைச் சொல்லி முடிச்சேன். வர்மாஜி மெல்றதை நிறுத்திட்டு எங்க மூணு பேரையும் மாத்தி மாத்திப் பாத்தார்.

"கம்ப்ளெயின்ட் எழுத மாட்டேன். நாய் சரியாத்தான் இருக்கு. பாவம், அது உதவிக்கு ஆள் கூப்பிடுது"ன்னு சொல்லிட்டு இறங்கிப் போயிட்டார்.

லட்டு இன்னிக்கும் எங்க வீட்டுலதான். குரைப்பும் அப்படியேதான். ஆனா நான் எதாவது சொல்ல வாயெடுத்தா ஜெசியும் நிஷாவும் எழுந்து சுவத்தைப் பாத்து நிக்கிறாங்க. நிறுத்தினா திரும்பி, "ஷாபாஷ்"னு ஒரு ரஸ்க் தர்றாங்க.

வீடியோக்காரனைக் குறை சொல்ல முடியாது. நான் இப்பல்லாம் ரொம்பக் கம்மியாத்தான் பேசறேன்.